மூன்று தபால் பெட்டி தூரம்

பிராடிக்குப் பறவைகள் என்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் அவனைப் பற்றி யார் பேசினாலும் இதைக் கடைசிவரை பொத்திவைத்து, எல்லாரும் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே எடுத்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்காது.

பாம்புக்குப் பயந்தால் இங்கே யாரும் சிரிப்பதில்லை. சிலந்திக்குப் பயந்தால், "பூட்ஸை நல்லா உதறிட்டுப் போடுப்பா" என்று அக்கறையாகச் சொல்வார்கள். ஆறடி உயரமும் கோதுமை மூட்டை தூக்குகிற தோளுமாக இருக்கும் ஒருவன் புறாவைக் கண்டு தெருவின் எதிர்ப்பக்கம் போனால் மட்டும் ஊருக்கே சிரிப்பு தாங்காது. பயத்தில் கௌரவமான பயம், கேவலமான பயம் என்று ஏதோ பட்டியல் வைத்திருக்கிறோம் போல.

அவனுக்கு ஐந்து வயதிருக்கும்போது அவன் அப்பா முட்டை எடுத்துவரச் சொல்லிக் கோழிக்கூண்டுக்குள் அனுப்பினார். சேவல் முதுகில் ஏறிக் கழுத்தைக் கொத்தியது. அவன் அலறிக்கொண்டு கதவுக்கு ஓடிவந்தான். அப்பா வெளியிலிருந்து கதவைப் பிடித்துக்கொண்டு, "முட்டை எங்கடா?" என்று கேட்டுச் சிரித்தார். சாகும்வரை அதை வேடிக்கைக் கதையாகவே சொல்லிக்கொண்டிருந்தார் அந்த மனுஷன்.

இப்படிப்பட்டவன் போய்த் தபால்காரனாகச் சேர்ந்தான். வேறு வழியில்லை. இறைச்சித் தொழிற்சாலையை மூடிய வருஷம் அது. ஊரில் மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான். அவனுக்குக் கிடைத்த பாதையில் அவன் குடியிருந்த தெருவும் இருந்தது. தெருமுனையில் நெவில் வீட்டு யூகலிப்டஸ் மரம் இருந்தது. மரத்தில் ஒரு மேக்பை ஜோடி இருந்தது.

மேக்பை காக்கை அளவுதான் இருக்கும், கறுப்பும் வெள்ளையுமாக. வருஷத்தில் பத்து மாதம் புல்தரையில் நடந்து புழு பொறுக்கும், விடியற்காலையில் அழகாகப் பாடும். ஆகஸ்ட் கடைசியில், எங்கள் நாட்டில் வசந்தம் தொடங்கும் சமயம், கூட்டில் முட்டை வந்துவிட்டால் ஆண் பறவைக்குப் பித்துப் பிடித்துவிடும். மரத்தடியில் போகிறவனின் பின்மண்டையைப் பார்த்துப் பாயும். எல்லாரையும் இல்லை, ஒருசில முகங்களைத்தான். ஒருதடவை பிடிக்காமல் போன முகத்தை வருஷக்கணக்கில் மறக்காது. தினமும் வந்து வாசலில் ஒரு நொடி நின்றுவிட்டு நழுவுகிற ஆளைத் திருடன் என்று நினைக்குமோ என்னவோ, தபால்காரர்கள் என்றால் அதற்கு ஆகவே ஆகாது.

நெவில் அந்தக் காலத்தில் ஆட்டுரோமம் கத்தரிக்கிறவர். எழுபதைத் தாண்டிய ஒண்டிக்கட்டை. காலையில் கொத்துக்கறியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார், அதே பறவை வந்து விரலில் படாமல் கொத்தித் தின்னும்.

"எவ்ளோ சாதுவான ஜீவன் தெரியுமா தம்பி இது! பூனைகூட இவ்ளோ நாசூக்கா சாப்பிடாது," என்பார்.

"அதுக்கு என்னைப் பிடிக்கல அங்கிள்."

"நீ பயப்படுற. அதான் அதுக்குப் பிடிக்கல."

"அது என்னைப் பிடிக்கலன்னு காட்டுது. அதான் பயப்படுறேன்."

இந்தப் பேச்சு ஐந்து வசந்தம் நடந்தது. ஐந்து வசந்தமும் பிராடியின் ஹெல்மெட்டில் கேபிள் டைகள் முள்ளம்பன்றி மாதிரி நட்டுக்கொண்டு நின்றன. மின்வயரைக் கட்டுகிற அந்தப் பிளாஸ்டிக் பட்டைகளை ஹெல்மெட் ஓட்டைகளில் கோத்து நிமிர்த்திவிட்டால் பறவை கிட்டே வராது என்பது ஊர் நம்பிக்கை. அந்தப் பறவைக்கு அப்படி எந்த நம்பிக்கையும் இல்லை.

ஆறாவது வருஷம் பிப்ரவரியில் மேபல் பிறந்தாள்.

பிராடி நல்ல அப்பாவாகத்தான் இருந்தான். இதையும் சொல்லியாக வேண்டும். பின்னால் யாரும் இதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, அவனே வைத்துக்கொள்ளவில்லை. மதியம் இரண்டு மணிக்கு வீடு திரும்புவான். அவன் மனைவி டாம்சின் பல்மருத்துவமனை வரவேற்பு வேலைக்குக் கிளம்புவாள். அதன்பிறகு ஆறு மணிவரை குழந்தை அவன் பொறுப்பு. பூசணிக்காயை வேகவைத்து மசித்து ஊட்டுவான். தூங்காவிட்டால் நெஞ்சில் போட்டுக்கொண்டு, அன்றைக்குக் கொடுத்த கடிதங்களின் முகவரிகளை ஒவ்வொன்றாகச் சொல்லுவான். பதினேழாம் எண் வருவதற்குள் தூங்கிவிடுவாள்.

ஆகஸ்ட் பிறந்ததும் அவன் குழந்தையை வாசலுக்கே கொண்டுபோகவில்லை. பின்கட்டில் துணி காயப்போடுவதென்றால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டுதான் போவான். டாம்சினுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"குழந்தை மேல காத்தே படல பிராடி. சுவத்தையே பாத்துப் பாத்து அதுக்கு மூஞ்சி சுவரு மாதிரி ஆயிடப்போகுது."

"ஆறே வாரம் டாம். குஞ்சு பறந்துடுச்சின்னா அதுவே அடங்கிடும்."

"அது குழந்தைய ஒண்ணும் பண்ணாது. உன்னைத்தான் பண்ணும்."

"அதான் சொல்றேன். நான் கூட இருந்தா எங்க ரெண்டு பேர் மேலயும்தான வரும்?"

அவள் ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து, கறுப்பு மையால் இரண்டு பெரிய கண்களை வரைந்து அவன் தலையில் கவிழ்த்துவிட்டாள். பின்மண்டையில் கண் இருந்தால் பறவை பாயாதாம். இதுவும் எங்கள் ஊர் வைத்தியம்தான். குழந்தையை முதுகில் தொட்டிலாகக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடப்பான். மேபல் அந்தக் கண்களைப் பார்த்துச் சிரித்து, விரலால் குத்திக் குத்தி விளையாடுவாள். அந்த வருஷம் தந்தையர் தினத்துக்கு, எங்கள் நாட்டில் அது செப்டம்பர் முதல் ஞாயிறு, டாம்சின் எடுத்த புகைப்படத்தில் மூன்று ஜோடிக் கண்கள் இருக்கின்றன. அவனுடையவை, மேபலுடையவை, டப்பாவில் வரைந்தவை.

அடுத்த வியாழக்கிழமை மேபலை எடை பார்க்கக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. டாம்சின் லீவு போட்டிருந்தாள். சுற்றுப்பாதையில் போனால் லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை, அதனால் நெவில் வீட்டு வழியாகத்தான் போக வேண்டும். இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: குழந்தை வண்டியை டாம்சின் தள்ளுவாள், பிராடி எதிர்ப்பக்க நடைபாதையில் வருவான். பறவை வந்தாலும் அவன் மேல்தான் வரும், குழந்தை பத்திரம்.

முனைவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. நெவில் போன வாரம் புட்டிங் கொடுத்தனுப்பிய பாத்திரத்தைத் திருப்பிக்கொடுக்க டாம்சின் நின்றாள். வாசலிலிருந்த நெவில் எதிர்ப்பக்கம் பார்த்துக் குரல்கொடுத்தார்.

"என்ன தம்பி, பொண்டாட்டி இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம்? வீட்டுல சண்டையா? இல்ல, தலையில என்ன அது, சட்டியா?"

பிராடிக்குக் காது சிவந்துவிட்டது. டப்பாவைக் கழற்றினான். தெருவைத் தாண்டி வந்து, அதை வண்டியின் அடிக்கூடையில் செருகினான்.

"வண்டியக் குடு டாம். நான் தள்ளிக்கிட்டுப் போறேன்."

"பரவாயில்லையா?"

"ம்."

"சரி, நடந்துக்கிட்டே இரு. இதக் குடுத்துட்டு ஓடி வந்துடறேன்."

நெவில் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு நாலு எலுமிச்சம்பழம் எடுத்துவர உள்ளே போனார். டாம்சின் வாசலில் நின்றாள். பிராடி வண்டியோடு பத்துப் பன்னிரண்டு அடி போயிருப்பான்.

முதல் பாய்ச்சல் பின்மண்டையில். அலகு சொடுக்குகிற அந்தச் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. இரண்டாவது தடவை எதிரே வந்தது, முகத்துக்கு நேராக. அப்போது அவன் கை வண்டியை விட்டது. யோசித்து விடவில்லை. கையும் காலும் அவனைக் கேட்கவில்லை. அவன் ஓடினான்.

எவ்வளவு தூரம் ஓடினான் என்று பின்னால் அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது, அவன் தினமும் போகிற தெருவல்லவா. பதினொன்றாம் எண், பதிமூன்று, பதினைந்து. மூன்று தபால் பெட்டி தூரம். பதினைந்தாம் எண்ணின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் மேபலின் குரல் கேட்டது. திரும்பினான். சரிவில் உருண்ட வண்டி நடைபாதை விளிம்பில் இறங்கிச் சாய்ந்து கிடந்தது. பறவை அதன் மேலிருந்து எழும்பிக்கொண்டிருந்தது. எழும்பி நேரே அவனிடம் வந்து காதைக் கிழித்துவிட்டு மரத்துக்குப் போனது.

மேபலின் இடது கண்.

மூன்று மணிநேரம் ஆம்புலன்ஸில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு அறுவைச் சிகிச்சை செய்தார்கள். வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். ஏழு மாதக் குழந்தை, கண்கட்டை உரித்துவிடாமலிருக்க இரண்டு கையிலும் துணியுறை மாட்டியிருந்தார்கள். அவள் அந்தத் துணிக்கையால் அப்பாவின் கன்னத்தில் தட்டித் தட்டி விளையாடினாள். அவனுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போக வேண்டும் போலிருந்தது.

முதல்நாள் தாழ்வாரத்தில் டாக்டர் கேட்டார், "எப்படி ஆச்சு? யார் பக்கத்துல இருந்தது?"

பிராடி வாயைத் திறந்தான். டாம்சின் முந்திக்கொண்டாள்.

"பறவை குழந்தைமேல பாஞ்சிடுச்சு டாக்டர். இவரு அதத் தன் பக்கம் இழுக்கணும்னு கத்திக்கிட்டே ஓடினாரு. அது குழந்தைய விட்டுட்டு இவரத் தொரத்துச்சு. இல்லன்னா அடுத்த கண்ணும் போயிருக்கும். காதப் பாருங்க."

டாக்டர் கிழிந்த காதைப் பார்த்தார். "சரியாத்தான் செஞ்சிருக்கீங்க," என்றார்.

நடந்தவை எல்லாம் அதில் இருந்தன. பறவை குழந்தைமேல் பாய்ந்தது உண்மை, அவன் ஓடியது உண்மை, பறவை அவனிடம் வந்தது உண்மை. எது முன்னால், எது பின்னால் என்பது மட்டும் மாறியிருந்தது. பிராடி வாயை மூடிக்கொண்டான். டாம்சின் அப்படித்தான் பார்த்தாள் போலிருக்கிறது என்று நினைத்தான், அல்லது நினைக்க விரும்பினான்.

ஊர் திரும்பியபோது கதை அவர்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. பறவை பயத்தைச் சொல்லி இத்தனை வருஷம் சிரித்த வாய்கள் எல்லாம் இப்போது அதையே சொல்லி உருகின. "பயந்தாங்கொள்ளின்னு நெனச்சோம், புள்ளைன்னு வந்ததும் பாத்தியா!" என்றார்கள். பேக்கரியில் அவன் தலையைக் கண்டால் கறி அடைத்த ரொட்டி ஒன்று தானாகத் தட்டில் வரும். அவன் சாப்பிட மாட்டான். நன்றி சொல்லி வாங்கி, தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுவான். நெவில் கொத்துக்கறி போடுவதை நிறுத்திவிட்டார். பிராடியைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவார்.

வனவிலங்கு அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். குழந்தைக்குக் காயம் என்பதால் அந்தப் பறவையைச் சுடலாம், பெற்றவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். பிராடி கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தான்.

"வேண்டாம்," என்றாள் டாம்சின்.

"மேடம், அடுத்த வருஷமும்—"

"அது தன் குஞ்சப் பாத்துக்குச்சு. அவ்வளவுதான?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வார்த்தை பிராடிக்குள் போய்த் தைத்துக்கொண்டு அங்கேயே இருந்தது.

வருஷம் ஓடியது. மேபல் நடந்தாள், பேசினாள். நல்ல கண்ணுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதென்று உடையாத கண்ணாடி போட்டிருந்தார்கள், தலைக்குப் பின்னால் பட்டை வைத்துக் கட்டுகிற மாதிரி. இடப்பக்கம் இருக்கும் பொருள் அவளுக்குத் தெரியாது. கதவு நிலையில் அடிக்கடி இடித்துக்கொள்வாள், இடித்துவிட்டு நிலையைத் திட்டுவாள். அவளுக்கு உலகத்திலேயே பிடித்தது அந்த மரத்துப் பறவைதான். காலையில் அது பாட ஆரம்பித்ததும் ஜன்னலுக்கு ஓடி, "மேகி! மேகி!" என்று கைதட்டுவாள். பிராடி எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வான்.

அடுத்த தந்தையர் தினம் வந்தது. கால்பந்துக் கிளப்பில் மதியம் சாஸேஜ் சுட்டு எல்லாருக்கும் பரிமாறினார்கள். பிராடியை மேலே கூப்பிட்டு, 'ஊரின் சிறந்த அப்பா' என்று பொறித்த கோப்பை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். "பேசு, பேசு!" என்று சத்தம் போட்டார்கள். அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணீர் வந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கோப்பையைக் காரிலேயே விட்டுவிட்டு நேரே பின்கட்டுக்குப் போனான். டாம்சின் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மேபல் கூடைக்குள் உட்கார்ந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"டாம், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அன்னிக்கு நான் பறவைய என் பக்கம் இழுக்க ஓடல. அது மேபல்கிட்ட போறதுக்கு முன்னாடியே ஓடிட்டேன். வண்டிய விட்டுட்டு ஓடினேன். நான் ஓடினதாலதான்..."

டாம்சின் ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். குழந்தையிடமிருந்து கிளிப்பை வாங்கி மாட்டினாள்.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நான் வாசல்லதான நின்னேன். எனக்குக் கண்ணு ரெண்டும் நல்லாத்தான இருக்கு."

சொன்னபிறகு அவளே திடுக்கிட்டுக் குழந்தையைப் பார்த்தாள். மேபல் இன்னொரு கிளிப்பை நீட்டினாள்.

"அப்புறம் ஏன் டாக்டர்கிட்ட அப்படிச் சொன்ன?"

"அவர் கேட்டாரு, நீ வாயத் தொறந்த. நீ உண்மையச் சொல்லியிருந்தா நான் அதக் காதால கேட்டிருக்கணும். கேட்டுட்டு உன்கூட ஒரே வீட்டுல எப்படி இருக்குறது? அதான் முந்திக்கிட்டேன்." அவள் குரல் உயரவேயில்லை. "நாலு பேர்கிட்ட சொன்னா எனக்கே நம்பிக்கை வந்துடும்னு நெனச்சேன் பிராடி. ஒரு வருஷமா சொல்றேன். பாதி வந்துடுச்சு. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா முழுசா வந்திருக்கும். அத வந்து இப்ப எடுத்துட்ட."

"மன்னிச்சுடு டாம்."

"உனக்கு மனசு லேசாயிடுச்சில்ல? போ, போய் முகத்தக் கழுவு."

மறுநாள் திங்கட்கிழமை. இரண்டு மணிக்கு வந்த பிராடி, "மேபல நெவில் வீட்டுப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போறேன்," என்றான். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த டாம்சின் அப்படியே உட்கார்ந்தாள். போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அவன் குழந்தையை வண்டியில் உட்காரவைத்து, மேலே கொசுவலையை இறக்கி நாலு பக்கமும் மாட்டினான். ஹெல்மெட்டிலிருந்து ஒரு கேபிள் டையை உருவினான். இடது மணிக்கட்டையும் வண்டியின் கைப்பிடியையும் சேர்த்துச் சுற்றி, நுனியைப் பல்லால் கவ்வி இழுத்தான். வண்டியோடு வந்த துணிப்பட்டை ஒன்று ஏற்கெனவே அங்கே தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதிலிருந்து கையை உருவிக்கொள்ளலாம். இதிலிருந்து முடியாது, பல் பல்லாக இறுகும், வெட்டினால்தான் வரும்.

பறவை காத்துக்கொண்டிருந்தது. அவன் தலையில் ஹெல்மெட் இல்லை, டப்பா இல்லை. ஆனாலும் முகத்தை அடையாளம் கண்டு நேரே வந்தது. இந்தத் தடவை நிற்பேன் என்று ஒரு வருஷமாக மனதுக்குள் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பானோ. அலகு சொடுக்கியதும் அவன் உடம்பு ஓடியது. ஓடப் பார்த்தது. கை பின்னால் இழுத்து நிறுத்தியது. பட்டை தோலை அறுத்தது, வண்டி குலுங்கியது, வலைக்குள்ளிருந்து மேபல், "மேகி!" என்று கூவிச் சிரித்தாள். அவன் திரும்பி வந்து வண்டியின் மேல் குப்புறக் கவிழ்ந்துகொண்டான். பறவை முதுகில் நாலு தடவை கொத்தியது. அவன் விக்கி விக்கி அழுதபடி அங்கேயே கிடந்தான். இன்றைக்கும் ஓடியிருப்பான், அது அவனுக்குத் தெரிந்துபோனது.

வீட்டில் டாம்சின் இன்னும் கிளம்பவில்லை. அடுக்களைக் கத்தரியால் பட்டையை வெட்டினாள். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். காயம் ஒரே பக்கம்தான் ஆழமாக இருந்தது, கை எந்தப் பக்கம் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது என்று காட்டுகிற மாதிரி. மருந்து போட்டுக் கட்டினாள்.

செவ்வாய்க்கிழமையும் அவன் குழந்தையை உட்காரவைத்தான். கட்டுப்போட்ட மணிக்கட்டில் புதுப் பட்டையைச் சுற்றி, நுனியைக் கவ்வக் குனிந்தான். டாம்சின் வந்தாள்.

"குடு."

அவன் வாயிலிருந்து நுனியை வாங்கி அவளே இழுத்தாள். நேற்று அவன் நிறுத்திய இடம்வரைக்கும் வந்தது. நிறுத்தினாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். இன்னும் ஒரு பல் இழுத்தாள்.

"இப்ப?"

"கொஞ்சம்."

"சரி. அப்படியே இருக்கட்டும்," என்று சொல்லி, மேபலின் கண்ணாடிப் பட்டையைச் சரிசெய்து, வலையை இறக்கி மாட்டிவிட்டு, அவர்களுக்காகக் கேட்டைத் திறந்துவிட்டாள்.